திடலில் வண்டி ஏறிய பிறகு செய்யக்கூடாதவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகின. ஆனாலும் மாலையானால் பிள்ளைகள் காற்பந்தோடு அங்கேதான் வருகிறார்கள். அந்தத் திடலில் ராத்திரி யாரோ நான்கு சக்கர வண்டியை ஏற்றி வட்டமடித்துவிட்டுப் போயிருந்தால், காலையில் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். அந்த ஆத்திரத்தில்தான் நாம் பல தவறுகளைச் செய்துவிடுகிறோம்.

பார்க்கச் சகிக்கவில்லை என்று அன்றைக்கே மண்ணைக் கொட்டி மூடாதீர்கள். சாட்சியும் அதோடு மூடப்பட்டுவிடும். முதலில் படம் எடுங்கள்: டயர் பதிந்த தடம், வண்டி நுழைந்த வழி, வெளியேறிய வழி. தடத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் ஆழம் தெரியும். அப்புறம் போலீசில் புகார் செய்யுங்கள். "புல்தானே, இதற்குப் போயா?" என்று யாராவது சொல்வார்கள். தண்டனைச் சட்டத்தின் 427ஆம் பிரிவு, வேண்டுமென்றே 25 ரிங்கிட்டோ அதற்கு மேலோ சேதம் விளைவிப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு திடலைச் சீராக்க அதைவிடப் பல மடங்கு செலவாகும். நிலம் தோட்ட நிர்வாகத்துடையதா, நகராண்மைக் கழகத்துடையதா என்று தெரிந்துகொண்டு அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, ஈர மண்ணில் ரோலர் ஓட்டுவது. நல்லெண்ணத்தில் செய்து திடலையே கெடுத்துக்கொள்ளும் வேலை இது. டயர் ஏறிய இடத்தில் மண் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும். ரோலர் அதை இன்னும் அழுத்தும். மழைநீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. தண்ணீர் வடிந்து, கையில் எடுத்தால் மண் உதிரும் பதம் வரும்வரை பொறுங்கள். பிறகு பள்ளத்தின் ஓரங்களில் கடப்பாறையைக் குத்தி, மண்ணை அடியிலிருந்து மெல்ல நெம்பி மேலே கொண்டுவாருங்கள். மீதிக் குழிக்கு மணல் கலந்த மேல்மண் போதும். கட்டடக் கழிவையும் கல்லையும் கொட்டவே கூடாது. நாளைக்கு அதன் மேல் விழப்போவது நம் பிள்ளையின் முட்டி. நம் திடல்களில் பெரும்பாலும் இருக்கிற அகன்ற இலைப் புல், தண்டு தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுவது. ஓரத்திலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். அது பிடிக்கும்வரை அந்தப் பக்கம் ஆட்டம் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு பையனின் பெயரைப் போட்டு, "இவன்தான்" என்று எழுதாதீர்கள். பார்த்ததைப் போலீசிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

திடலின் வாசலில் பாறையைப் போட்டு அடைப்பதும் சரியில்லை. விளையாடும்போது ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? பூட்டுப் போட்ட இரும்புக் குழாய்த் தடுப்பு நல்லது. சாவி திடலுக்குப் பக்கத்திலேயே இரண்டு வீடுகளில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் வலிக்கிற தவறு ஒன்று உண்டு. கோயில் திருவிழாவுக்கு நாமே திடலைக் கார் நிறுத்துமிடமாக ஆக்கிவிடுகிறோம். தீபாவளியையொட்டிய போட்டிக்குக் கூடாரச் சாமான் ஏற்றிய லோரியை நடுத்திடல்வரை விடுகிறோம். நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அக்டோபரும் நவம்பரும் கனமழைக் காலம். ஊறிய மண்ணில் ஒரு லோரி போதும். அதைப் பார்த்து வளர்கிற பையனுக்குத் திடலும் வண்டி போகிற இடம்தான் என்று படிந்துவிடுகிறது. இந்த முறை லோரி சாலையிலேயே நிற்கட்டும். இருபது பேர் சேர்ந்தால் கூடாரக் கம்பிகளைத் தோளில் சுமந்து கொண்டுவந்துவிடலாம். நான் முதல் ஆளாக வருகிறேன்.