நாற்பதைத் தாண்டிய தாம்பத்தியம்: மும்பைத் தமிழ்த் தம்பதிகளுக்கு

"அவருக்கு முன்ன மாதிரி இல்ல" என்பார் மனைவி. "அவ ஒதுங்கியே போறா" என்பார் கணவர். உடம்பு மாறுவது தெரியாததால், இருவருமே அதை அன்புக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் உறவுக்கான நேரத்தை மாற்றுங்கள். சிஎஸ்எம்டியிலிருந்து டோம்பிவிலி வரை லோக்கலில் நின்றுகொண்டே வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுக்கிறவருக்கு உடம்பு ஒத்துழைக்காது. இரண்டு பெக் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஆண்களுக்கு ஆசையைத் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் காலையில்தான் அதிகம். விடுமுறை நாள் காலையோ, பிள்ளைகள் டியூஷன் போன பொழுதோ நல்லது. மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிற ஒன் ரூம் கிச்சன் வீட்டில் இதற்குத் திட்டம் போட்டே ஆகவேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும், பிறகு குறைந்துவிடும். யோனியின் உட்சுவர் மெலிந்து ஈரம் வற்றும். ஆசை இருந்தாலும் உறவின்போது எரியும், சிலருக்குத் தோல் கீறிக்கொள்ளும். ஒருமுறை வலித்தால் அடுத்த முறை பயத்தில் தசை தானாக இறுகும். இறுகினால் இன்னும் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது மட்டும் கூடவே கூடாது.

மெடிக்கலில் 'வாட்டர் பேஸ்டு லூப்ரிகன்ட்' என்று கேளுங்கள். உராய்வைக் குறைக்கிற வழுவழுப்பான ஜெல் இது. அரை டீஸ்பூன் எடுத்து, விரலில் தேய்த்துக் குளிர்ச்சி போனதும் இருவருமே தடவிக்கொள்ளுங்கள். நடுவில் காய்ந்தால் தயங்காமல் இன்னும் கொஞ்சம். வாசனை சேர்த்ததும் சூடேற்றும் வகையும் மெலிந்த தோலில் எரியும். ஆணுறை போட்டால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் கிழிந்துவிடும். மாதவிடாய் நின்றதும் கருத்தடையை விட்டுவிடக் கூடாது: 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஓராண்டு, அதற்குக் கீழ் என்றால் ஈராண்டு தொடர வேண்டும்.

ஜெல் போதவில்லையா? உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதித் தருவார். வழக்கமாக முதல் 2 வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் 2 முறை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நாலு நாளில் 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வயதில் ஆண்களுக்கு முன்போல நினைத்த மாத்திரத்தில் விறைப்பு வராது. தொட்டுத் தூண்டிவிட வேண்டியிருக்கும். ஒருமுறை முடிந்தால் அடுத்ததற்கு ஒரு நாள்கூட ஆகலாம். இவை இயல்பு. மாதக்கணக்கில் விறைப்பே சரியாக நிற்கவில்லை என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆண்குறியின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை என்பதால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். இதை வெட்கத்தில் மறைப்பது உயிருக்கே ஆபத்து.

விறைப்புக்கு மருத்துவர் தரும் சில்டெனாஃபில் மாத்திரையை உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். தூண்டுதல் இல்லாவிட்டால் வேலையே செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென விழும். ஸ்டேஷன் சுவரில் விளம்பரம் செய்கிற லேகியமும் வேண்டாம். 'மூலிகை' என்று விற்ற பொருள்களில் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: இரண்டு மாடி படியேறி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இருந்தால் பெரும்பாலும் உறவு கொள்ளலாம். இருந்தாலும் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழங்கால் வலி என்றால் இருவரும் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையையோ விறைப்பையோ குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வேறு மருந்து தர முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் இருவருமே சேர்ந்து போங்கள்.