புது வீட்டுக்கு ஹீற்றர் பூட்டப் போறியளோ? முதல்ல கிணத்துத் தண்ணியைப் பாருங்கோ

குடிபூரலுக்குக் கனடாவில இருந்து வந்த அத்தான் வீடு முழுக்கச் சுத்திப் பாத்திட்டு "ஹீற்றிங் ஒண்டும் போடேல்லையோ" எண்டு கேட்டார், நாங்கள் எல்லாரும் சிரிச்சம். மார்கழி, தையில கூட யாழ்ப்பாணத்து இரவு 22, 23 பாகைதான், இதுக்கு ஆர் வீட்டைச் சூடாக்கிறது? ஆனா விடியப்புறம் அந்தப் பச்சைத்தண்ணியில தோய அம்மாவால ஏலாது, அதால பாத்ரூமுக்கு சுடுதண்ணி ஹீற்றர் தேட வெளிக்கிட்டன். ஒரு எலிமென்ற்றை (உள்ளுக்கு இருந்து தண்ணியைச் சூடாக்கிற கம்பி) எரிச்சுப்போட்டுத்தான் இதை எழுதுறன்.

1. தண்ணியைச் சோதியுங்கோ

எங்கட நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. ஒரு கிழமை கேத்திலைக் கழுவாமல் தண்ணி கொதிக்க வச்சுப் பாருங்கோ, அடியில வெள்ளையாப் படிஞ்சிருந்தால் அதேதான் உங்கட ஹீற்றருக்குள்ளயும் படியப்போகுது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டினம், கலரைத்தான் காட்டுவினம்.

2. எது வாங்கலாம்

இன்ஸ்ரன்ற் (சேத்து வைக்காமல், தண்ணி ஓடேக்கயே சூடாக்கிறது): 3.5 கிலோவாட் எண்டால் நிமிசத்துக்கு 3 லீற்றரை ஒரு 16, 17 பாகை கூட்டித்தரும், எங்கட ஊருக்கு அது காணும். ஆனா உள்ளுக்கு இடம் சின்னன், கல்லுப் படிஞ்சு கெதியா அடைபடும். வீட்டுத் தண்ணி ராங்க் கூரைக்குக் கிட்டத்தான் எண்டால் பிரஷரும் காணாது, 10 மீற்றர் உயரத்துக்குத்தான் 1 பார் (பிரஷர் அளவு) வரும், எங்கட ராங்க் ஷவருக்கு மேல 3 மீற்றர்தான், அப்ப 0.3 பார்தான்.

சோலார்: வெய்யிலுக்குக் குறைவில்லைத்தான், ஆனா சுடுதண்ணி தேவைப்படுறது மாரியில, அப்பதான் நாள்க்கணக்கா மூடிக்கொண்டு மழை. கறண்ட் எலிமென்ற்றும் சேந்து வாற சோலார் எண்டால் மட்டும் யோசியுங்கோ.

நான் சொல்லுறது 30 லீற்றர் ஸ்ரோரேஜ் ஹீற்றர், தண்ணியை உள் ராங்கில சூடாக்கி வச்சிருக்கிறது. 60 பாகையில சூடாக்கி பச்சைத்தண்ணி கலந்தால் 40 பாகையில 75 லீற்றர் மட்டில வரும், ஒருக்கா சூடாக்க 1.2 யுனிற் அளவு. 60க்கு மேல ஏத்தாதேங்கோ, சூடு கூடக் கூடக் கல்லும் கூடப் படியும். முக்கியமா, கல்லு எடுக்க அடிமூடி கழட்டக்கூடிய மாதிரியா எண்டு கேட்டு வாங்குங்கோ.

3. வயரிங், பைப்

தனி வயர், தனி பிரேக்கர், எர்த், 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் (கறண்ட் கசிஞ்சால் தானா நிப்பாட்டிறது). 3.5 கிலோவாட் இன்ஸ்ரன்ற் எண்டால் 15 ஆம்பியர் இழுக்கும், அதை 13 ஆம்பியர் பிளக்கில கொழுவிறேல்லை. சுடுதண்ணிக்கு சாதாரண பிவிசி பைப் வேண்டாம், இளகிப்போடும். ஸ்ரோரேஜ் ஹீற்றரில கூடின பிரஷரை வெளியால விடுற சேவ்ற்றி வால்வில, சூடாகேக்க சொட்டுச் சொட்டாத் தண்ணி வரும், அது வரத்தான் வேணும். எங்கட பிளம்பர் "லீக்" எண்டு அதை அடைக்க வெளிக்கிட்டார், நல்லகாலம் நான் வீட்டில நிண்டன்.

4. கல்லு எடுக்கிறது (நான் பிழைவிட்ட இடம்)

வருசத்துக்கு ஒருக்கா. பிரேக்கரை நிப்பாட்டி, ஆற விட்டு, தண்ணியை வடிச்சு, அடிமூடியைக் கழட்டுங்கோ. எனக்கு முதல் தரம் ரெண்டு சிரட்டை வெள்ளைக்கல்லு வந்தது, அம்மா நம்பேல்லை, முற்றத்தில கொட்டிக் காட்டினன். எலிமென்ற்றை வினாகிரியில ஒரு இரவு ஊறவிட்டால் கல்லு கழண்டு வரும், கத்தியால சுரண்டாதேங்கோ. மக்னீசியக் கம்பி ஒண்டு பூட்டியிருக்கும், அது மெலிஞ்சு போயிருந்தால் மாத்துங்கோ, அது தான் கரைஞ்சு ஹீற்றரின்ர உள் ராங்கைத் துரு பிடிக்காமல் காப்பாத்துது.

திரும்பப் பூட்டின சந்தோசத்தில நேர போய் சுவிச்சைப் போட்டன். உள்ளுக்குத் தண்ணி நிரம்பேல்லை. ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான், புது எலிமென்ற் வாங்கினன். அதால முதல்ல சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து விடுங்கோ, புஸ் புஸ் எண்டு காத்து வந்து முடிஞ்சு தண்ணி ஒரே சீரா ஓடினாப் பிறகுதான் சுவிச்.

பிறகு சேத்தது: தீவுப்பக்கத்தில இருந்து ஒருத்தர் சவர்த்தண்ணிக்கு ஸ்ரெயின்லெஸ் ராங்க் நல்லமோ எண்டு கேட்டவர். வேண்டாம், உப்பு அதில பொட்டுப் பொட்டா ஓட்டை போடும். எனாமல் பூசின ராங்க் எடுத்து, அந்த மக்னீசியக் கம்பியை ஆறு மாசத்துக்கு ஒருக்காப் பாருங்கோ, சவர்த்தண்ணியில அது கெதியாக் கரையும்.