சவரக்கத்தியின் கூர் எங்கே போகிறது? புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை சலூன்களில் இன்று புழங்கும் சவரக்கத்தி பெரும்பாலும் பாதி பிளேடைச் செருகி, ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளும் வகை. பலருக்குச் சவரம் செய்யும் இடத்தில் அதுதான் சரி. இங்கே நான் எழுதுவது, முதுகு தடித்து, பக்கங்கள் குழிந்து, கைப்பிடிக்குள் மடங்கும் பழைய முழுக்கத்தியைத் தனக்கென்று வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்காக. வாங்கிய சில வாரங்களிலேயே அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "முடி இழுக்கிறது, கல்லில் தீட்ட வேண்டும்." பெரும்பாலும் கல் தேவையே இல்லை. கூர் போனது தோல்வாரிலும் (கத்தியை முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டும் நீளமான தோல்பட்டை), கத்தியை வைத்த இடத்திலும்தான். அந்த இரண்டையும் திருத்தாமல் கல்லை எடுத்தால், நல்ல எஃகு வீணாகத் தேய்ந்து போகும்.

சரியாகத் தீட்டிய சவரக்கத்தியின் கூர்முனை ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். அவ்வளவு மெல்லிய எஃகு, தாடியை வெட்டும்போது மழுங்குவதைவிட அதிகமாக வளைகிறது. வளைந்ததை நிமிர்த்துவது தோல்வாரின் வேலை. தேய்ந்ததைப் புதிதாக உருவாக்குவது கல்லின் வேலை. இந்த வேறுபாடு மனதில் பதியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

தோல்வாரில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது அழுத்தம். கத்தியைத் தோலின் மேல் படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் தோலைத் தொடும். அதற்கு மேல் கை கொடுக்க வேண்டியது கத்தி நழுவாதபடி ஒரு பிடிப்பு மட்டும்தான். அழுத்தினால் தோல் குழிந்து, கூரைச் சுற்றி மேலெழும்பி, நிமிர வேண்டிய முனையை உருட்டிவிடும். வாரைத் தளர்வாகப் பிடித்தாலும் இதே கதிதான். அதனால் ஒரு முனையை உறுதியான கொக்கியில் மாட்டி, மறுமுனையை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். அது கைவரவில்லை என்றால், சமமான மரப்பலகையில் தோலை ஒட்டிப் பழகுவது நல்லது.

அடுத்தது திருப்பம். பெரும்பாலான கத்திகள் கெடுவது இந்தக் கணத்தில்தான் என்பதால் இதைப் பொறுமையாகப் பாருங்கள். முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர, வாரின் மறுமுனை வரை தள்ளுகிறீர்கள். அங்கே போனதும் கத்தியை நிறுத்துங்கள். முதுகைத் தோலைவிட்டு எடுக்காமல், கூரை மட்டும் மேலே தூக்கி, முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டுங்கள். கூர் வானத்தைப் பார்த்து, மறுபக்கம் சாய்ந்து, தோலில் மெல்லப் படியும். அது படிந்த பிறகே திரும்பி இழுக்க வேண்டும். புதியவர் என்ன செய்கிறார்? கத்தி நிற்பதற்கு முன்பே புரட்டுகிறார், அல்லது கூரின் மேல் புரட்டுகிறார். வாரில் ஒரு வெட்டு விழுகிறது. அந்த வெட்டின் விளிம்பு அடுத்த ஒவ்வொரு இழுப்பிலும் கூரில் இடிக்கிறது. சலூன்காரர் சட்சட்டென்று அடிக்கும் வேகம் பல வருடப் பழக்கத்தில் வருவது. அந்தச் சத்தத்துக்கு ஆசைப்படாமல் மெதுவாகப் போங்கள். சவரத்துக்கு முன் துணிவாரில் (தோலுக்குப் பதில் தடித்த துணியாலான பட்டை) 20 முறை, தோலில் 40 முறை போய்வந்தால் தாராளம். முன்னதாக வெறும் உள்ளங்கையால் வாரை ஒருமுறை தடவுங்கள்; மண்துகள் ஒன்று இருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும்.

வாருக்கான தோலைத் தேடிப் பெரியமேட்டுத் தோல் கடைகளுக்குப் போகிறவர்கள், கைக்கு மெத்தென்று இருப்பதை எடுத்துவிடுகிறார்கள். குரோமியம் உப்பில் பதனிட்ட அந்த மென்தோல் பைக்கும் மேல்சட்டைக்கும் நல்லது, ஆனால் இழுத்தால் நீளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தோல்தொழில். தாவரச் சாற்றில் பதனிட்ட, நீளாத, மேற்புறம் வழவழப்பான தோலாகக் கேளுங்கள்.

பச்சைநிறத் தீட்டுப்பசை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. அதிலிருப்பது குரோமியம் ஆக்சைடு. எஃகை உண்மையிலேயே அரைக்கும். தினமும் பயன்படுத்தும் வாரில் அதைப் பூசினால் கூர் சிறிது சிறிதாக உருண்டையாகும், வாரிலிருந்து பசையை முழுவதும் எடுக்கவும் முடியாது. தனியாக ஒரு தோல்துண்டில் பூசி, எப்போதாவது பயன்படுத்துங்கள்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்கவே கூடாது. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் வேலை அருமையானது. ஆனால் வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் பட்டதும், மெல்லிய கூர் நொடியில் சூடேறி, எஃகின் பதம், அதாவது கடினத்தன்மை, இறங்கிவிடும். பதம் போன கூர் எத்தனை முறை தீட்டினாலும் நிற்காது. தவிர, இந்தக் கத்தியின் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமனும் அலகின் அகலமும். இரண்டும் சேர்ந்து தரும் கோணம் ஏறக்குறைய 16 முதல் 18 டிகிரி. சக்கரம் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

சரி, உண்மையிலேயே கல் தேவைப்பட்டால்? வாரில் ஒழுங்காகத் தீட்டிய பிறகும் கத்தி இழுக்கிறது, அடுத்த சவரத்திலும் இழுக்கிறது என்றால் மட்டும் அந்த முடிவுக்கு வாருங்கள். பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கல் சமையல் கத்திக்கானது. சவரக்கத்திக்கு அது மிகவும் சொரசொரப்பு. கூரைப் புதுப்பிக்க 8000 அல்லது 12000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் வழவழப்பாகும்) தண்ணீர் விட்டு, எடையே தெரியாதபடி சில இழுப்புகள் போதும். கல்லில் கூர் முன்னே போக வேண்டும், வாரில் போவதற்கு நேர்மாறாக. முதுகைத் தூக்கவே கூடாது. 1000 எண் கல், கூரில் பொக்கை விழுந்திருந்தால் மட்டும்.

கல் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் தீட்டுவது பரவலான பிழை. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் 400 எண் ஈரப் பட்டைச்சீலையை விரித்து, அதில் கல்லைத் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் அழிந்தால்தான் கல் சமம். கத்திக்கும் இதேபோல் ஒரு சோதனை உண்டு. கூரின் ஓரத்தில் மார்க்கர் மையைத் தடவி, கல்லில் ஒரே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. நுனியில் மட்டும் மை மிஞ்சினால், அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். இழுக்கும்போதே கத்தியைக் குறுக்காக நகர்த்துங்கள்.

இனி சென்னைக்கே உரிய தொல்லை. கடற்காற்றில் உப்பு, வருடம் முழுக்க ஈரப்பதம், பல வீடுகளில் உப்பேறிய போர்த் தண்ணீர். கார்பன் எஃகுக் கத்திக்கு இதைவிடக் கெட்ட சூழல் அரிது. அலகின் நடுவில் தெரியும் துருப்புள்ளி அழகைத்தான் கெடுக்கும். ஒரு மைக்ரான்கூட இல்லாத கூரில் வரும் துரு கண்ணுக்கே தெரியாமல் அதைத் தின்றுவிடும். "நேற்று நன்றாக இருந்தது, இன்று இழுக்கிறது" என்பதற்கு நான் பார்த்தவரை இதுவே முதல் காரணம். குளியலறை அலமாரியில் கத்தியை வைக்காதீர்கள். சவரம் முடிந்ததும் கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் குடிநீர். பிறகு முதுகிலிருந்து கூரை நோக்கி மெல்லிய காகிதத்தால் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் துடைத்தால் காகிதமும் விரலும் சேர்ந்து வெட்டுப்படும். கீலுக்குள் தண்ணீர் நிற்கும் என்பதால் உடனே மடிக்காமல் சற்று நேரம் திறந்தபடி உலர விடுங்கள். அதன் பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடையும் கீலில் பிசுக்கும் சேரும்.

தோல் உறையில் போட்டுப் பாதுகாப்பதாக நினைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு படுக்கையறை அலமாரியில் வைப்பது மேல். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியாக வாங்கலாம். அதைக் கல்லில் தீட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும், அந்த இடத்துக்கு அது பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரிலும் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயப்போட்டால் தோல் வெடிக்கும்; உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள்.

சவரத்தின்போது கத்தியை முகத்தோலிலிருந்து 30 டிகிரி அளவுக்குமேல் தூக்கினால் வெட்டாமல் சுரண்டும், கூரும் சீக்கிரம் போகும். அலசும்போது கத்தியைக் குழாயருகே கொண்டுபோகாமல், கிண்ணத்துத் தண்ணீரில் அலசுங்கள். குழாயில் ஒருமுறை இடித்தாலே பொக்கை விழும். அதைத் தொடக்கநிலையில் இருப்பவர் சரிசெய்ய முயல வேண்டாம். கையால், கல்லில், சக்கரம் இல்லாமல் தீட்டித் தருகிறவர் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு அவரிடம் கொடுங்கள்.