மழைநீர் வடிகாலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளுக்கு மழைநீர் மாசு பற்றி வகுப்பெடுத்தபோது கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளை அவர் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தார். தெருவில் குப்பை போடக் கூடாது என்பதைச் சொல்ல யாரும் மறப்பதில்லை. ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

வடிகாலைச் 'சாக்கடை' என்று சொல்வது

வீட்டுக் கழிவுநீர் போகும் குழாயையும் தெருவோர மழைநீர் வடிகாலையும் நாம் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். பாதாளக் குழாய் உள்ள ஊர்களில் குளியலறை நீரும் சமையலறை நீரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக, மழைநீர் வடிகாலில் இறங்குவது பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஏரியிலோ ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேர்கிறது. இரண்டையும் ஒரே குழாயில் விடும் பழைய நகரங்களும் உண்டு. அங்கும் கனமழையில் குழாய் கொள்ளாத நீர், கழிவோடு சேர்ந்தே ஆற்றில் வழிகிறது.

ஒரு பிற்பகல், வடிகால் கம்பிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை மீன் வரையச் செய்தேன். வேலை முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தூரிகைகளைக் கழுவிய வாளியைச் சாலையில் ஒரு சொட்டும் சிந்தாமல் தூக்கி வந்து, கம்பிகளுக்கு நடுவே கவனமாக ஊற்றினாள். அவள் வரைந்த மீனின் வாலை ஒட்டியே நீல நீர் உள்ளே இறங்கியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "சாக்கடையில்தானே ஊற்றினேன்?" என்றாள். சற்று முன் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தவன் நான்தான். அழுக்குக்கென்றே ஓர் இடம் இருக்கும்போது அழுக்கை அங்கே கொண்டு சேர்ப்பது ஒழுங்கான பிள்ளை செய்யும் வேலை. அவள் கணக்கில் பிழையே இல்லை.

ஒரு வாளியோடு போயிருந்தால் மறந்திருப்பேன். வண்டி கழுவிய சோப்பு நீரை வாசலில் தேங்க விடாமல் வடிகால்வரை தள்ளிவிடுவதாகவும், அது என் வகுப்பில் கற்றது என்றும் மற்றொரு பிள்ளையின் தந்தை பின்னர் பெருமையோடு சொன்னார். இப்போதும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. அந்தத் தன்னார்வலர் அதே சொல்லை ஆறு முறை சொன்னார், எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பை அறைக்குள் நடத்தாதீர்கள். மழையில்லாத நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வடிகாலிலிருந்து சரிவின் போக்கிலேயே நடந்து, அது நீர்நிலையில் திறக்கும் வாயைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து காட்டுங்கள். வண்டியைப் புல்தரையிலோ மண்தரையிலோ நிறுத்திக் கழுவினால் அழுக்கில் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பிறகே அவர்களுக்குப் பொருள்படும்.

கண்ணுக்குத் தெரிவதோடு நிறுத்துவது

நெகிழிப் பையைச் சுட்டுவது எளிது. எண்ணெய்க் கசிவு, உரம், நாய்க் கழிவு, சோப்பு ஆகியவை மழையில் கரைந்தோ கலந்தோ போவதால் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையில் தெருவோரம் முதலில் ஓடும் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியிலும், அரைமணி நேரம் கழித்து ஓடுவதை மற்றொன்றிலும் பெரியவர் ஒருவர் பிடித்துவைத்தால், எது முதல் நீர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. இயற்கையில் மக்கும் என்று அச்சிட்ட சோப்பும் விலக்கல்ல; மக்குவதற்கு முன்பே அது மீன்களின் செவுள்களைப் பாதிக்கக்கூடும்.

'இலை இயற்கைதானே' என்று விடுவது

மரத்தடியில் கிடக்கும்வரை சரி. குவியலாக வடிகாலில் தள்ளிய இலைகள் நீரில் அழுகும்போது மீனுக்கு வேண்டிய உயிர்வளி குறைகிறது. அவற்றிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸ் பாசியை வளர்க்கிறது.

பயமுறுத்துவது

செத்த மீன் படத்தைக் கண்ட பிள்ளை அழும். வாளியை எங்கே ஊற்றுவது என்று கற்காது.

வடிகாலுக்குள் கைவிடச் செய்வது

எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

செயல்விளக்கம் முடிந்ததும் அசட்டையாக இருப்பது

கசக்கிய தாளை மேடுபள்ளமாகத் தட்டில் பரப்பி, அதன் மேல் கரையும் மையால் புள்ளிகள் வைத்து, தெளிப்பானால் நீர் தெளித்தால், நிறங்கள் ஓடிப் பள்ளத்தில் சேர்வதைப் பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். பின்னர் அந்த நிற நீரை எங்கே கொட்டுகிறீர்கள் என்பதையும் அப்படியே பார்ப்பார்கள். அன்று அந்தத் தன்னார்வலர் தட்டை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார்.