ராத்திரிக் கவலைக்கு ஒரு நோட்டு, ஒரு ஜெபம்

படுத்ததும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஏன் கூப்பிடவில்லை, சீட்டுப் பணத்துக்கு என்ன செய்வது என்று மனம் சுற்றுகிறதா? காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் வரவு செலவு எழுத ஒரு நோட்டு இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் கவலையை எழுதுங்கள். ‘எல்லாமே பயமா இருக்கு’ என்று பொதுவாக வேண்டாம். ‘வெள்ளிக்குள் ஐயாயிரம் வேண்டும்’ என்று குறிப்பாக எழுதுங்கள். நாளைக்கு உங்களால் செய்ய முடிந்தது ஏதாவது இருந்தால் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஜெபத்தில் சொல்லிவிடுங்கள், தொகை உட்பட.

வேதாகமத்தில் பிலிப்பியர் 4:6 சொல்வதும் இதைத்தான்: ஒன்றுக்கும் கவலைப்படாமல், உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு கூடிய ஜெபத்தில் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள். பவுல் அதை எழுதியது சிறையில் இருந்தபோது. அந்த வசனத்தில் நாம் தாண்டிப் போய்விடுவது ஸ்தோத்திரத்தை, அதாவது நன்றி சொல்வதை. அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மைக்காவது நன்றி சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்வது நல்லது; மனதுக்குள் செய்தால் பாதி ஜெபத்திலேயே வட்டிக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்!

படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.