வாந்தி நின்ற பிறகு செய்யும் தவறுகள்

செம்பூரில் எங்கள் உறவில் ஒரு வளைகாப்பு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நான்கு அண்டா கலந்த சாதம். ஞாயிறு மதியம் சாப்பிட்டோம். திங்கள் இரவிலிருந்து செவ்வாய் காலைக்குள் பதினோரு பேர் வாளியும் கையுமாகக் கிடந்தார்கள். தீர்ப்பு உடனே வந்துவிட்டது: மும்பைப் புழுக்கத்தில் தயிர் சாதம் கெட்டுவிட்டது. தயிர் சாதத்தைத் தொடவே தொடாத மாமாவும் படுத்துவிட்டாரே என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றவாளி ஆக்குவதுதான் முதல் தவறு. கெட்ட உணவில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு இருந்தால் அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டிவிடும். ஆளுக்கு ஆள் தொற்றி வாந்தி, பேதி தரும் நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டாவதைத்தான் காட்டியது. சாதத்தைக் கையால் பிசறிக் கலந்தவர் என் அத்தை. வெள்ளிக்கிழமை வரை அவருக்கே வாந்தி, பேதி. ஞாயிறு காலை தேறிவிட்டார். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு அண்டாவுக்குள் கையை விட்டார். ஆய்வகத்தில் யாரும் எதையும் சோதிக்கவில்லை. இருந்தாலும் என் சந்தேகம் தயிரின்மேல் இல்லை.

நோய் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். வைரஸோ மலத்தில் இரண்டு வாரமும் அதற்கு மேலும் வெளியேறிக்கொண்டிருக்கும். நூற்றுக்கும் குறைவான துகள்களே இன்னொருவரைப் படுக்க வைக்கப் போதும். அதனால் வாந்தியும் பேதியும் முழுவதும் நின்று குறைந்தது 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. கலந்த சாதத்தை மறுபடி சுட வைப்பதும் இல்லை. கையில் இருந்தது அப்படியே இலைக்கு வந்துவிடும்.

சானிடைசர் தடவிக்கொண்டோமே என்பார்கள். கொரோனா கற்றுக்கொடுத்த பழக்கம் அது. கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், இருபது விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். வைரஸைக் கொல்வதைவிடக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போவதுதான் அங்கே நடக்கும் வேலை.

மோசமான தவறு தரையில் நடக்கிறது. குழந்தை கூடத்தில் வாந்தி எடுத்தால் அருகில் கிடக்கும் துணியால் துடைத்து, அதே துணியை அலசி, வீடு முழுவதும் இழுத்துவிடுகிறோம். மேலே கொஞ்சம் ஃபினாயில். வாசனை வந்ததும் சுத்தமாகிவிட்டதாக நிம்மதி. 1998 டிசம்பரில் இங்கிலாந்து ஹோட்டல் ஒன்றில் விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் மேசையருகே வாந்தி எடுத்தார். ஆறு மேசைகளில் இருந்த 126 பேரில் 52 பேர் நோயில் விழுந்தார்கள். அவருடைய மேசையில் பத்துக்கு ஒன்பது பேர். தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்களில் குறைந்துகொண்டே போனது. வாந்தியின் நுண்துளிகள் காற்றிலும் போகின்றன என்று அதிலிருந்து ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

ஆகவே ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, பழைய செய்தித்தாளால் அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள். பிறகு 5 சதவீதத் திரவ பிளீச்சை லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வீதம் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வீட்டு வேலைக்கு வரும் பாயியிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுவதும் எனக்குப் பிடிக்காத வழக்கம். அவர் அடுத்து நான்கு வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போகிறார்.

நீரிழப்பை ஈடுகட்டக் குடிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டர்தான். டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு ஏறிவிடும். குளிர்பானம் கொடுத்தால் சர்க்கரை மிகுந்து பேதி கூடும். குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் தொடருங்கள். ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் தொடாது. மலத்தில் ரத்தம், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், எழுப்பினாலும் எழாத அயர்வு என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

"ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்கிறார் அத்தை. நோரோவைரஸில் வகைகள் பல. ஒன்றுக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்றதற்கு உதவுவது அரிது, அதுவும் நீண்ட நாள் நிற்பதில்லை. குழந்தைகளுக்கு 2016 முதல் அரசுத் திட்டத்தில் போடும் சொட்டு மருந்து, பேதி தரும் வேறொரு வைரஸான ரோட்டாவைரஸுக்கானது, இதற்கு அல்ல.