கல்விக் கடன் வட்டியைப் படிக்கும்போதே கட்டுங்கள்

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கினால், தவணை தொடங்கும்வரை காத்திருக்காமல் வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவிடுங்கள்.

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை விடுப்புதான். ஆனால் வட்டிக்கு விடுப்பு கிடையாது. கட்டாத வட்டி முழுவதும் கடைசியில் அசலோடு சேர்ந்து, பிறகு அதற்கும் வட்டி ஓடும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 ஆண்டுகள், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம்: ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் 4 லட்சம் அல்ல, சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம். முதலாண்டில் மாதம் 850 ரூபாய்க்குள்தான் வட்டி வரும். நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கும் பிள்ளைக்கு விடுதிச் செலவு மிச்சமாகிறதே, அதிலிருந்தே கட்டலாம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டை நம்பியிருக்கும் வீடுகள் வெட்டு நடக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டி, மழை மாதங்களை ஈடுகட்டிக்கொள்ளலாம். இப்படி ஒழுங்காகக் கட்டுவோருக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கின்றன. கடன் வாங்கும் அன்றே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியமும் கிடைத்துவிட்டால் இது தேவையில்லை. விடுப்புக் கால வட்டியை அரசே ஏற்கிறது. இந்த வட்டியைக் கட்டுவதற்காகக் கந்துவட்டிக்கோ நகை அடகுக்கோ போகவே வேண்டாம்.